ட்ரைபரா, எர்டிகாவா, கேரன்ஸா: கடைசி வரிசையில் உட்காரப்போவது யார்?

போன ஆடியில் குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனோம். எங்கள் பழைய காரில் ஐந்து பேர்தான் உட்காரலாம். மாமனாரும் மாமியாரும் பஸ்ஸில் வந்தார்கள். அரிசி, வெல்லம், தேங்காய், வாழையிலைக் கட்டு, விறகு, ஒரு மடக்கு நாற்காலி எல்லாம் எப்படியோ டிக்கிக்குள் அடங்கிவிட்டன. பொங்கல் பானைக்குத்தான் இடமில்லை. திரும்பும்போது, அடி கரிந்த அந்தப் பானையைப் பழைய வேட்டியில் சுற்றி என் தங்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நாற்பது கிலோமீட்டர். வேட்டியையும் மீறி அவள் புடவையில் கரி இறங்கிவிட்டது. அன்று இரவே வீட்டில் பேச்சு எழுந்தது: ஏழு பேர் உட்காருகிற வண்டி வாங்கிவிடலாமா?

அதன்பிறகு பல ஷோரூம்களில் ஏறி இறங்கினேன். சொந்தத்திலும் நட்பிலும் இதே குழப்பத்தில் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: ரெனோ ட்ரைபர், மாருதி எர்டிகா, கியா கேரன்ஸ், இதில் எது? மூன்றிலும் மூன்று வரிசை உண்டு, ஏழு பேர் உட்காரலாம். ஆனால் மூன்றும் மூன்று விதமான குடும்பங்களுக்கானவை. பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் நம் வீட்டைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

## முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவை

கடைசி வரிசையில் யார் உட்காருவார்கள்? என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். ஒரு ஷோரூமில் அம்மாவை மூன்றாவது வரிசையில் ஏறச் சொன்னேன். அவருக்கு முழங்கால் வலி. விற்பனையாளர் நடு இருக்கையை மடக்கிக் காட்டினார். அம்மா வலது காலை உள்ளே வைத்து, கதவோரத் தூணைப் பிடித்தார். இடது காலைத் தூக்க முடியவில்லை. ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டு, "நான் நடுவிலேயே உட்கார்ந்துக்கறேம்பா" என்றார். அந்த ஒரு நிமிஷத்தில் எங்கள் கணக்கு மாறியது. பெரியவர்கள் இருவர் நடுவரிசை என்றால், பின்னால் போகப்போவது பிள்ளைகளும் நானும்தான். உங்கள் வீட்டில் பின்னால் போவது பத்து வயதுப் பிள்ளைகளா, ஆறடி உயரத் தம்பியா? அதைப் பொறுத்து வண்டியே மாறும்.

ஆண்டுக்கு எத்தனை நாள் ஏழு பேர்? காலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்கள். தினமும் பள்ளிக்கு ஆறு பேரை ஏற்றுகிற வீடும் உண்டு, தீபாவளி, பொங்கல், ஒரு கல்யாணம், ஒரு கோயில் என்று பத்து நாளோடு முடிகிற வீடும் உண்டு.

ஏழு பேரும் உட்கார்ந்தபின் சாமான் எங்கே போகும்? விளம்பரத்தில் ஏழு பேரையும் காட்டுவார்கள், பெரிய டிக்கியையும் காட்டுவார்கள். இரண்டையும் ஒரே படத்தில் காட்ட மாட்டார்கள். இந்த அளவு வண்டியில் ஆளும் சாமானும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகிறார்கள்.

இருக்கையை மடக்குவதா, கழற்றுவதா? கடையில் நிற்கும்போது இது சின்ன விஷயமாகத் தெரியும். வாங்கியபிறகுதான் இதன் அருமை புரியும். கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அப்புறம் மலை ஏறுமா, தெருவில் திரும்புமா, ஆன்-ரோடு விலை (சாலை வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்த விலை) எவ்வளவு, மோதினால் என்ன ஆகும் என்பவை.

## ஒரு பார்வையில்

| | ட்ரைபர் | எர்டிகா | கேரன்ஸ் |
|---|---|---|---|
| நீளம் | 3,990 மி.மீ. | சுமார் 4,400 மி.மீ. | 4,540 மி.மீ. |
| அகலம் | 1,739 மி.மீ. | 1,735 மி.மீ. | 1,800 மி.மீ. |
| இன்ஜின் | 1.0 லிட்டர் பெட்ரோல், 72 குதிரைத்திறன் | 1.5 லிட்டர் பெட்ரோல், 103 குதிரைத்திறன். சிஎன்ஜியில் 88 | 1.5 லிட்டர் பெட்ரோல் 115, டர்போ 160, டீசல் 116 |
| ஏழு பேர் இருக்கும்போது டிக்கி | 84 லிட்டர் | 209 லிட்டர் | 216 லிட்டர் |
| ஐந்து பேர் இருக்கும்போது டிக்கி | 625 லிட்டர் | 550 லிட்டர் | மடக்கினால் தாராளம் |
| மூன்றாவது வரிசை | தனித்தனியாகக் கழற்றலாம் | பாதி பாதியாக மடங்கும் | பாதி பாதியாக மடங்கும் |
| ஜிஎஸ்டி | 18% | 40% | 40% |

டிக்கி அளவை எடுக்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். ஐந்து, பத்து லிட்டர் வித்தியாசத்துக்கு மல்லுக்கட்ட வேண்டாம். 84க்கும் 209க்கும் உள்ள இடைவெளிதான் கவனிக்க வேண்டியது. 84 லிட்டரில் இரண்டு பள்ளிப் பைகள் நிற்கும். 209 லிட்டரில் நடுத்தர டிராலிப் பெட்டி ஒன்றை நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் இரண்டு கைப்பைகளையும் செருகலாம்.

## ட்ரைபர்: கழற்றி வைக்கத் தெரிந்தவர்களுக்கு

2019 ஆகஸ்ட்டில் வந்த வண்டி. காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடத்தில் தயாராகிறது. அதன் நீளத்தைக் கவனியுங்கள்: நான்கு மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் குறைவு. அந்த 10 மில்லிமீட்டரில்தான் வரி இருக்கிறது. நான்கு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. அதற்கு முன்பு செஸ் சேர்த்து 29, 45 என்று இருந்தது. அதாவது சின்ன வண்டிக்கு வரி 11 புள்ளி இறங்கியது, எர்டிகா மாதிரியான வண்டிக்கு 5 புள்ளிதான். இரண்டுக்கும் நடுவில் இருந்த விலை இடைவெளி இதனால் இன்னும் அகலமாகிவிட்டது. ட்ரைபர் எக்ஸ்-ஷோரூம் விலை (சாலை வரியும் காப்பீடும் சேராத விலை) ஆறு லட்சத்தை ஒட்டித் தொடங்கி, உயர்ந்த மாடலிலும் ஒன்பது லட்சத்துக்குள் நிற்கிறது.

இதன் பெரிய பலம், மூன்றாவது வரிசையின் இரண்டு இருக்கைகளையும் கையாலேயே கழற்றி எடுத்துவிடலாம் என்பது. ஒன்றை எடுத்தால் ஆறு பேர், 320 லிட்டர் டிக்கி. இரண்டையும் எடுத்தால் ஐந்து பேர், 625 லிட்டர். எர்டிகாவைவிட நாற்பது சென்டிமீட்டர் குட்டையான வண்டியில் அதைவிடப் பெரிய டிக்கி எப்படி வந்தது? மடக்கிய இருக்கை வண்டிக்குள்ளேயே கிடந்து இடத்தைத் தின்னும். கழற்றிய இருக்கை வீட்டில் இருக்கும். அவ்வளவுதான் ரகசியம். நடுவரிசையும் முன்னும் பின்னும் நகரும், சாயும், ஏறுவதற்கு மடங்கிக் கவிழும்.

இப்போது மறைமுகச் செலவு. கழற்றிய இருக்கையை எங்கே வைப்பீர்கள்? தனி வீடு என்றால் ஒரு மூலை கிடைக்கும், ஆனால் பழைய போர்வையைப் போட்டு மூடி எலியிடமிருந்து காப்பாற்ற வேண்டும். இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில், மூன்றாவது மாடிக்கு அதைத் தூக்கிப்போய்க் கட்டிலுக்கு அருகில் நிறுத்தி வைப்பதை யோசித்துப் பாருங்கள். இன்னொன்று: கழற்றியபின் ஊருக்குப் போகிறீர்கள். அங்கே சித்தப்பாவும் சித்தியும் "நாங்களும் வர்றோம்" என்கிறார்கள். இருக்கை வீட்டில்! மடக்கும் வண்டியில் இந்தப் பிரச்சினை வராது.

இழுவையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வண்டியின் எடை மட்டுமே ஒரு டன்னை ஒட்டி இருக்கிறது. ஏழு பேர் ஏறினால் இன்னும் நானூறு கிலோவுக்கு மேல். இதை இழுப்பது 72 குதிரைத்திறனும் 96 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கொண்ட மூன்று சிலிண்டர் இன்ஜின். ஊருக்குள் ஓட்ட இது போதும். ஏசியைப் போட்டுக்கொண்டு, ஏழு பேரோடு, எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலையில் ஏறினால் முதல் கியரும் இரண்டாம் கியருமாகத்தான் போக வேண்டியிருக்கும். நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போதும் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். மலைப்பயணம் அதிகம் உள்ளவர்கள் ஏஎம்டி கியரை (மேனுவல் கியரையே கிளட்ச் மிதிக்காமல் தானாக மாற்றும் வகை) எடுப்பதற்கு முன் ஒரு ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

யாருக்குப் பொருந்தும்: நான்கு பேர் குடும்பம், எப்போதாவது ஆறு பேர். கடை, விவசாயம், சின்னத் தொழில் என்று வாரத்தில் நாலு நாள் மூட்டை ஏற்றுகிறவர்கள். குறுகலான தெரு. பட்ஜெட் பத்து லட்சத்துக்குக் கீழ். பின்னால் உட்காருவது பிள்ளைகள்.

## எர்டிகா: ஆறேழு பேர் நிஜமாகவே போகிறவர்களுக்கு

2012 முதல் நம் சாலைகளில் இருக்கிறது. இப்போதைய வடிவம் 2018 நவம்பரில் வந்தது. பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தால், சக்கரங்களுக்கு நடுவே உள்ள 2,740 மில்லிமீட்டர் இடைவெளி எதற்கு என்று முழங்காலுக்குத் தெரியும். நடுவரிசையை ஒரு சாண் முன்னால் நகர்த்தச் சொன்னால், நடுத்தர உயரமுள்ள பெரியவர் ஒருவர் பின்னால் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிப்பார். பின்வரிசை முதுகு சாய்மானமும் கொஞ்சம் மாறும்.

103 குதிரைத்திறன் என்பதால் ஏழு பேரோடு ஏறும்போதும் பதற்றம் இல்லை. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் டார்க் கன்வெர்ட்டர் என்ற வகையில் ஆறு கியர் பெட்டி இருக்கிறது. நெரிசலிலும் ஏற்றத்திலும் ஏஎம்டியைவிட இது நிதானமாக நடந்துகொள்ளும்.

சிஎன்ஜியா, பெட்ரோலா என்பதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். நிறுவனம் சொல்லும் மைலேஜ் சிஎன்ஜிக்குக் கிலோவுக்கு 26.11 கி.மீ., பெட்ரோல் மேனுவலுக்கு லிட்டருக்கு 20.51. ஊருக்குள் அவ்வளவு வராது. நான் போட்ட கணக்கு இது: மாதம் 1,000 கி.மீ., பெட்ரோலில் லிட்டருக்கு 15 என்றால் ஏறக்குறைய 67 லிட்டர், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 6,700 ரூபாய். சிஎன்ஜியில் கிலோவுக்கு 22 என்றால் 45 கிலோ, கிலோ 90 ரூபாய் என்று வைத்தால் 4,100. மாதம் 2,600 மிச்சம். சிஎன்ஜி மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை ஒரு லட்சத்தை ஒட்டி வரும். அதைத் திரும்ப எடுக்க மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். மாதம் 2,000 கி.மீ. ஓடினால் பாதிக் காலம்.

ஆனால் சிலிண்டர் டிக்கியில்தான் உட்காருகிறது. ஏழு பேரும் ஏறினால் சாமானுக்கு இடம் கிட்டத்தட்ட இல்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை சிலிண்டரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். சக்தி 88க்கு இறங்கும். ஆட்டோமேட்டிக்கும் கிடைக்காது. சாமானோடு ஊர் ஊராகப் போகும் குடும்பத்துக்கு நான் சிஎன்ஜியைப் பரிந்துரைக்க மாட்டேன். தினமும் அறுபது எழுபது கிலோமீட்டர் ஓடி, பம்ப் பக்கத்திலேயே இருந்தால் தாராளமாக எடுக்கலாம்.

பழைய எர்டிகா வாங்குகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. டாக்ஸியாக ஓடிய வண்டிகள் சந்தையில் நிறைய, அதனால் ஆர்சியையும் சர்வீஸ் வரலாற்றையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இன்னொன்று, 2025இல் எர்டிகாவில் செய்த மாற்றங்களுக்கு முந்தைய வண்டிகளில் கடைசி வரிசைக்குத் தனி ஏசி துவாரம் கிடையாது. நடுவரிசைக்கு மேலே கூரையில் இருக்கும் காற்றுதான் பின்னால் போக வேண்டும். சித்திரை வெயிலில் பின்னால் இருப்பவருக்கு அது ரொம்பவே தெரியும். ட்ரைபரிலும் கேரன்ஸிலும் பின்வரிசைக்குத் தனித் துவாரம் தொடக்கத்திலிருந்தே உண்டு.

டாக்ஸிகளாக ஓடுவதால் ஒரு நன்மையும் இருக்கிறது: எந்த ஊர் மெக்கானிக்குக்கும் இந்த வண்டி பழக்கம், உதிரிப்பாகம் கிடைக்கும், விற்கும்போது விலையும் நிற்கும். டொயோட்டா ரூமியான் இதே வண்டிதான், பெயர்ப்பலகை வேறு. எர்டிகாவுக்குக் காத்திருப்பு நீண்டால் அதையும் விசாரியுங்கள்.

## கேரன்ஸ்: நீண்ட தூரம் அடிக்கடி போகிறவர்களுக்கு

2022 பிப்ரவரியில் வந்தது. ஆந்திராவின் பெனுகொண்டா ஆலையில் தயாராகிறது. 2025இல் இதன் மெருகேறிய வடிவம் கேரன்ஸ் கிளாவிஸ் என்ற பெயரில் வந்தது. மூன்றில் நீளமும் அகலமும் அதிகம். நடுவரிசையில் மூன்று பெரியவர்கள் தோள் இடிக்காமல் உட்கார வேண்டும் என்றால் இந்த 1,800 மில்லிமீட்டர் அகலம் உதவும். உயர்ந்த மாடல்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் நடு இருக்கை தானாகக் கவிழ்ந்து வழி விடும். அம்மாவைப் போன்றவர்களுக்கு இதனால் பாதிப் பாரம் குறையும். ஆனாலும் காலைத் தூக்கி வைக்கத்தான் வேண்டும்.

டீசல் வேண்டுமென்றால் இந்த மூன்றில் இது ஒன்றுதான். மாதத்துக்கு இரண்டு முறை சென்னை–மதுரை போய் வருகிற குடும்பத்துக்கு அந்த 250 நியூட்டன் மீட்டர் இழுவை பெரிய நிம்மதி.

ஆறு இருக்கை மாடலும் உண்டு. நடுவில் இரண்டு தனித்தனி இருக்கைகள், இடையே வழி. பிள்ளைகள் அந்த வழியாகவே பின்னால் போய்விடுவார்கள். ஆனால் ஏழாவது ஆளுக்காகத்தானே பெரிய வண்டி வாங்குகிறோம்? அந்த ஒரு இடத்தை விடலாமா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

இடைஞ்சல் பணத்திலும் தெருவிலும். பழைய ஊர்களின் கோயில் தெருக்களில், இரண்டு பக்கமும் பைக் நிற்கும் இடத்தில், ஆறு சென்டிமீட்டர் கூடுதல் அகலம் தினசரித் தலைவலியாகிவிடும்.

## பத்து லட்சம் என்னும் கோடு

தமிழ்நாட்டில் வண்டி வாங்குகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய இடம் இது. 2023 நவம்பரில் மாற்றியமைத்த வாழ்நாள் வரிப்படி, ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம். பத்தைத் தாண்டி இருபது லட்சம் வரை 18 சதவீதம். 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. அதே வண்டியில் அலாய் வீலும் பெரிய திரையும் உள்ள மாடல் 10,60,000 என்றால் வரி 1,90,800. விலையில் 70,000 கூடியதற்கு வரியில் 62,100 கூடுகிறது! பத்து லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீதம் டிசிஎஸ்ஸும் (விற்பவர் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், ஆனால் டெலிவரி அன்று கையிலிருந்து போக வேண்டும்.

எர்டிகா இந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் இருக்கிறது. அதனால் எந்த மாடல் என்று முடிவு செய்வதற்கு முன் ஆன்-ரோடு விலையை ஒவ்வொரு இனமாகத் தனித்தனியே எழுதி வாங்குங்கள். கேரன்ஸ் முழுவதும் கோட்டுக்கு அந்தப் பக்கம், ட்ரைபர் முழுவதும் இந்தப் பக்கம். மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டிலும் வித்தியாசம் உண்டு: 2022இல் நிர்ணயித்தபடி 1,000 சிசிக்குள் 6,521 ரூபாய், 1,500 சிசி வரை 10,640 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ட்ரைபர் 999 சிசி.

## பாதுகாப்பு

நட்சத்திரங்களை அப்படியே ஒப்பிடாதீர்கள். கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் ட்ரைபர் 2021இல் பெரியவர் பாதுகாப்பில் நான்கு நட்சத்திரம் பெற்றது. அது பழைய, எளிதான முறை. 2022இல் முறை கடுமையானது. அந்தப் புதிய முறையில் 2024இல் எர்டிகாவுக்கு ஒரு நட்சத்திரம், கேரன்ஸுக்கு மறுசோதனையில் மூன்று. சோதித்த எர்டிகாவில் இரண்டு ஏர்பேக்தான் இருந்தன. இப்போது மூன்று வண்டிகளிலும் ஆறு ஏர்பேக் அடிப்படை மாடலிலிருந்தே வருகிறது. அது நல்ல மாற்றம், ஆனால் ஏர்பேக் கூடினால் வண்டிக்கூடு பலமாகிவிடாது. பாதுகாப்பே முதல் அளவுகோல் என்றால் நான் கேரன்ஸைத்தான் சொல்வேன்.

எந்த வண்டியிலும் கடைசி வரிசையில் இருப்பவரின் தலைக்கும் பின்கண்ணாடிக்கும் இடைவெளி குறைவு. பிள்ளைகள் அங்கே பெல்ட் இல்லாமல் விளையாடிக்கொண்டு வருவதை நெடுஞ்சாலையில் அடிக்கடி பார்க்கிறேன், வயிற்றைக் கலக்குகிறது. பெல்ட் போடாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

## வாங்காமலே இருப்பது

காலண்டரை எண்ணியபோது ஏழு பேர் நாள் பத்துக்குள் வந்தால், நல்ல ஐந்து பேர் கார் ஒன்றை எடுத்துவிட்டு அந்தப் பத்து நாளும் வேன் பிடிப்பதே மேல். ஓட்டுநரும் வருவார், பானைக்கும் இடம் இருக்கும். எங்கள் வீட்டில் எண்ணியபோது முப்பதுக்கு மேல் வந்தது. அதில் பாதி நாள் பெரியவர்கள் ஆறு பேர், மலைப்பாதை இரண்டு முறை. அதனால் எர்டிகா பெட்ரோல் மேனுவல், கோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள மாடல் என்று முடிவு செய்தோம். வாரம்தோறும் சந்தைக்கு மூட்டை கொண்டுபோகும் என் அண்ணனுக்கு ட்ரைபரைத்தான் சொன்னேன். அவருக்கு அதுதான் சரி.

## ஷோரூமுக்குப் போகும்போது

தனியாகப் போகாதீர்கள். வீட்டில் உள்ள அத்தனை பேரையும், வழக்கமாக எடுத்துப்போகும் பெரிய பெட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். எல்லோரையும் அவரவர் இடத்தில் உட்கார வையுங்கள், பின்வரிசையில் ஏறி இறங்குவதை இரண்டு முறை செய்யச் சொல்லுங்கள். டெஸ்ட் டிரைவில் வேறு யாராவது ஓட்டட்டும், நீங்கள் கடைசி வரிசையில் உட்காருங்கள். வேகத்தடை நிறைந்த தெருவில் பத்து நிமிஷம். ஏசி காற்று முகத்தில் படுகிறதா, தலை கூரையில் இடிக்கிறதா, முழங்கால் மார்புவரை ஏறுகிறதா என்று பாருங்கள். அப்புறம் வண்டியை நிறுத்தி, எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதே டிக்கியைத் திறந்து, அந்தப் பெட்டியை வைத்து மூடிப் பாருங்கள்.